மூன்று பேருக்கு ஒரு மேஜை

கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டியவர்களில் பலர் மந்திரமூர்த்தியின் அறைக்கு ஒருமுறையாவது ஏறி வந்திருப்பார்கள். மெயின் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. அங்கே முப்பது வருஷம் உட்கார்ந்து பிளான் போட்டார். அவர் எஞ்சினியர் இல்லை, டிராஃப்ட்ஸ்மேன் படிப்புதான். கையெழுத்து வேறொருவர் போடுவார். ஆனால் கரிசல் மண்ணில் எத்தனை அடி தோண்டினால் கெட்டித்தரை வரும், எந்த ஊரில் எந்தப் பக்கத்துச் சுவர் வெடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

எல்லா பிளானிலும் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு செவ்வகம் போட்டு, சுற்றி ஆறு சின்ன வட்டங்கள் வரைவார். டைனிங். போடாவிட்டால் பிளான் மொட்டையாக இருக்கும் என்று போடுவது. அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு வீட்டில் அங்கே பருத்தி மூட்டை அடுக்கியிருந்தார்கள். எட்டயபுரத்தில் ஒருவர் புல்லட்டை ஏற்றி நிறுத்தியிருந்தார். அவருடைய சொந்த ஃபிளாட்டிலும் அந்த மூலையில் தையல் மெஷினும், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியும், ஓட்டாத சைக்கிளும்தான் இருந்தன. அவரும் மனைவி வெயிலம்மாளும் மகள் ஆனந்தியும் ஹாலில் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு ஏழு வாரம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி போய்விட்டது என்றார்கள். கூடவே விழுங்குவதும் போய்விட்டது. தண்ணீரைக்கூட வாயில் விட்டால் மூச்சுக்குழலுக்குள் போனது. வயிற்றில் துளை போட்டு ஒரு டியூப் வைத்தார்கள். உள்ளே தள்ளுகிற தண்டைக் கழற்றிய பெரிய சிரிஞ்சை டியூப்பில் மாட்டி, உயர்த்திப் பிடித்து, வடிகட்டிய கஞ்சியோ பாலோ ஊற்ற வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை வெயிலம்மாள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். வீட்டில் "சாப்பிட்டாச்சா" என்ற பேச்சு நின்றுபோய், "ஊத்தியாச்சா" என்ற பேச்சு வந்தது.

குரல் மிச்சம் இருந்தது. தாழ்ந்து, கரகரத்து, பக்கத்தில் இருந்தால் மட்டும் கேட்கும். தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் மரத்துப்போயிருந்தது. ஷேவ் பண்ணும்போது பிளேடு கிழித்து ரத்தம் வந்தால் துண்டில் கறை பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கழுத்து மட்டும்தான் அப்படியா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அழவில்லை, கோபப்படவில்லை. ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஹாலில் ஜன்னலோரம் போட்ட கட்டிலில் படுத்துக்கொண்டு, தண்டவாளத்தில் போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் போய்க்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு வெயிலம்மாளும் ஆனந்தியும் ஹாலில் சாப்பிடவில்லை. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. ஆனந்தி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெயிலம்மாள் எப்போது சாப்பிடுகிறாள் என்பதே தெரியாது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடியது. கடுகு வெடிக்கிற சத்தமே கேட்பதில்லை. அப்பளம் பொரிப்பதில்லை, மீன் வாங்குவதில்லை.

ஒருநாள் தற்செயலாகப் பார்த்தார். தையல் மெஷின் இருந்த மூலையில் சுவரில் வாஷ்பேசினும் அதற்கு மேலே கண்ணாடியும் உண்டு. கட்டிலில் கொஞ்சம் சாய்ந்து படுத்தால் கண்ணாடிக்குள் சமையலறை தெரிந்தது. வெயிலம்மாள் குழாயைத் திறந்துவிட்டு, சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, குக்கருக்குள்ளேயே சோற்றைப் பிசைந்து வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தாள். யாரோ பிடுங்க வருவதுபோல இருந்தது. முடித்ததும் சேலைத் தலைப்பால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு குழாயை மூடினாள்.

மந்திரமூர்த்தி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். சமையல் மேடையின் உயரம் முப்பத்துமூன்று அங்குலம், நின்று சாப்பிடுவதற்குத் தாழ்வு, குனிந்துதான் சாப்பிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை, கழுகுமலையிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் காசிராஜன் முதல் பஸ்ஸில் நலம் விசாரிக்க வந்தார். எட்டரை மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து வழக்கு, கொழுந்தியாள் பையனுக்குப் பெண் பார்த்த கதை, எல்லாம் சொன்னார். பேசாத ஆளிடம் பேசுவது அவருக்கு வசதியாக இருந்தது. காப்பி வேண்டாமென்றார், டிபன் பஸ் ஸ்டாண்டிலேயே ஆகிவிட்டது என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும். வெயிலம்மாள் சர்க்கரைக்காரி. எட்டு மணிக்கே மாத்திரை போட்டிருந்தாள். வந்தவர் போகட்டும், பிறகு சாப்பிடலாம் என்று பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். காசிராஜன் கிளம்பும்போது மணி பதினொன்றரை.

"அப்ப வாரேன் அண்ணாச்சி. மதினி, ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

மந்திரமூர்த்தி எழுந்து போனபோது வெயிலம்மாள் தரையில் ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க வியர்வை, ரவிக்கை நனைந்திருந்தது. ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சர்க்கரை இறங்கி இப்படி ஆனதை அவர் பார்த்திருக்கிறார். சர்க்கரை டப்பாவை எடுத்து, ஒரு பிடி அள்ளி, அவள் வாயைத் திறந்து உள்ளே போட்டார்.

"முழுங்கு" என்றார். "வெயிலு, முழுங்கு."

அவள் மென்றாள். உதட்டோரம் சர்க்கரை வழிந்தது. பிறகு அவள் தொண்டை ஒருமுறை மேலே ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. மந்திரமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பிடி போட்டார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் தெளிந்தது. கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இருந்த விஜியை அழைத்து வந்தார். அவள் ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் வயதானவர். "மாத்திர போட்டா அர மணி நேரத்துல சாப்பிடணும்னு சொல்லியிருக்கேன்லம்மா? காலைலேர்ந்து ஏன் சாப்பிடல?"

வெயிலம்மாள் தரையைப் பார்த்தாள்.

"ஏன் சாப்பிடல?" என்று அவர் திரும்பக் கேட்டார்.

"வேல இருந்துச்சு சார்" என்றாள்.

மறுநாள் காலையில் ஆனந்தி பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா அளவு டேப்பை வைத்துக்கொண்டு மூலையில் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் டேப்பைத் தொட்டதே இல்லை. அட்டைப்பெட்டி வெளியே போயிருந்தது, தையல் மெஷின் ஹாலுக்கு நகர்ந்திருந்தது. சைக்கிளைக் கீழே இறக்கச் சொன்னார். அவள் இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

இடம் நீளம் ஏழடி. அகலம் ஐந்தடி மூன்று அங்குலம். ஒரு பக்கம் சமையலறை வாசல், எதிர்ப்பக்கம் பாத்ரூம் கதவு. நாற்காலி போட்டால் பின்னால் இழுத்து உட்கார இரண்டரை அடி போய்விடும், பாத்ரூம் கதவு இடிக்கும். ஆகவே நாற்காலி ஆகாது. சுவரை ஒட்டிப் பதினாறு அங்குல அகலத்தில் பெஞ்சு, அதற்கு முன்னால் இருபத்தேழு அங்குலத்தில் மேஜை, எதிர்ப்பக்கம் மேஜைக்கு அடியில் தள்ளிவிடுகிற மாதிரி இரண்டு ஸ்டூல். ஒரு தட்டுக்கும் முழங்கைக்கும் இரண்டடி வேண்டும். மேஜை நீளம் நாலடி. ஒரு முனையைச் சுவரில் பொருத்திவிட்டால் இந்தப் பக்கம் ஒற்றைக் கால் போதும், காலில் இடிக்காது. வாஷ்பேசினைக் கழற்றி பாத்ரூமுக்குள் மாற்ற வேண்டும். சாப்பிடுகிறவர் தலைக்குப் பக்கத்தில் ஒருவர் வாய் கொப்பளிக்கக் கூடாது. கண்ணாடியும் போகட்டும்.

இவ்வளவையும் பென்சிலால் ஒரே தாளில் வரைந்தார். வரையும்போது மனசில் எதுவும் இல்லை, அளவுகள் மட்டும் இருந்தன. முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு டைனிங்கை, அதில் உட்காரப்போகிறவர்களைத் தெரிந்துகொண்டு வரைகிறோம் என்பது தாளை மடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

தச்சர் மாடக்கண்ணு அவருக்குப் பழக்கமானவர். தாளைப் பார்த்தார். "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. மேல என்ன போட? இப்ப எல்லாரும் கண்ணாடி கேக்காங்க."

"கண்ணாடி வேண்டாம். தட்டு வச்சா சத்தம் கேக்கும். பிளைவுட்ல மைக்கா ஒட்டு. கால், சட்டமெல்லாம் வேம்பு."

"எத்தன பேரு உக்கார?"

"மூணு."

மாடக்கண்ணு அவருடைய சட்டைக்குள் டியூப் ஒட்டியிருந்த இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடி தாளைப் பார்த்தார். "சரி. மூணு" என்றார்.

வெயிலம்மாளுக்குப் பிடிக்கவில்லை. மாடக்கண்ணு அளவு சரிபார்த்துவிட்டுப் போனதும் கட்டிலருகே வந்து நின்றாள்.

"யாருக்கு இது?"

"வீட்டுக்கு."

"இந்த வீட்டுல மேச போட்டு உக்காந்து திங்க யாரு அழுதா? உங்கள இப்படி வச்சிக்கிட்டு நான் மேசைல உக்காந்து சோறு திம்பேனா? பாக்கவுங்க என்ன சொல்லுவாங்க?"

"யாரும் பாக்கப்போறதில்ல."

"நீங்க பாப்பீங்கல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். பேசினால் தொண்டை வலித்தது.

மேஜை பத்து நாளில் வந்து சேர்ந்தது. பெஞ்சின் பலகையைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்க இடம் இருந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து மேஜைக்கு மேலே ஒரு விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டார். மைக்கா வெளிர்மஞ்சள். ஆனந்தி கையால் தடவிப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்றாள்.

யாரும் அதில் சாப்பிடவில்லை. முதல் நாள் ஆனந்தியின் பரீட்சைத் தாள் கட்டு ஒன்று அதன்மேல் வந்தது. மறுநாள் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. பிறகு மருந்து டப்பா, கறிகாய்ப் பை, கரண்டு பில். மந்திரமூர்த்தி தினமும் சாயங்காலம் எழுந்துபோய் எல்லாவற்றையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்து படுப்பார். காலையில் மறுபடியும் சேரும். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. அவருக்கு எரிச்சல் வரவில்லை. எரிச்சல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

பன்னிரண்டாம் நாள் மாடக்கண்ணுவுக்கு ஃபோன் போட்டு, ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றார். அவர் வந்ததும் சிரிஞ்சைக் கையில் கொடுத்தார். "இது நிக்குத மாதிரி ஒரு தாங்கி வேணும். பெஞ்சுல உக்காந்தா தோளுக்கு மேல ஒரு சாண் உசரம்."

மாடக்கண்ணு சிரிஞ்சைச் சுற்றி விரலால் அளவெடுத்தார். வேப்பங்கட்டையில் துளை போட்டு, வழவழப்பாகத் தேய்த்து, பெஞ்சின் ஓரத்தில் சுவரில் அடித்தார். சிரிஞ்சு அதில் கச்சிதமாக நின்றது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணிக்கு வெயிலம்மாள் கஞ்சியை வடிகட்டி எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தபோது அவர் அங்கே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, டியூப்பைச் சிரிஞ்சில் மாட்டியிருந்தார்.

"இங்கன வை" என்றார். "ஏட்டி ஆனந்தி, வா. ரெண்டு பேரும் தட்டுப் போட்டுட்டு வாங்க."

ஆனந்தி அறை வாசலில் நின்றாள். வெயிலம்மாள் அசையவில்லை. "நீங்க ஊத்துங்க. நாங்க பொறவு சாப்பிட்டுக்கிடுதோம்."

"இப்பவே."

"எப்படிங்க? உங்க முன்னால எப்படி எறங்கும்?"

"எனக்கு ஊத்துததத் தெனமும் நீங்க பாக்கீங்கல்ல?" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நான் என்ன கதவச் சாத்திக்கிட்டா ஊத்துதேன்? அன்னைக்கு ஒன் வாயில நான்தான் சீனியப் போட்டேன். நீ முழுங்குததப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

நீளமான பேச்சு. அவருக்கு மூச்சு வாங்கியது. டம்ளரிலிருந்து கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றினார். மட்டம் மெதுவாக இறங்கத் தொடங்கியது.

ஆனந்திதான் முதலில் நகர்ந்தாள். சமையலறைக்குப் போய் இரண்டு தட்டு எடுத்து வந்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அம்மா, உக்காரும்மா" என்றாள். வெயிலம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டூலின் நுனியில், எழுந்து ஓடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சோறும் ரசமும் பருப்புத் துவையலும். இரண்டு பேரும் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மந்திரமூர்த்தி ஏதாவது வரும் என்று காத்திருந்தார். ஆசை, வயிற்றெரிச்சல், அழுகை, ஏதாவது. வரவில்லை. வெயிலம்மாளின் கால் தரையில் முழுதாகப் படவில்லை, தொங்குகிறது, ஸ்டூல் அரை அங்குலம் உயரம் கூடிவிட்டது என்பதைக் கவனித்தார். கஞ்சி தீர்ந்தது. தண்ணீர் ஊற்றி டியூப்பைக் கழுவினார். அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் உட்கார்ந்தார்கள். ஸ்டூல் கால்களை மாடக்கண்ணு வந்து அறுத்துக் குறைத்தார். ஒரு வாரத்தில் ஆனந்தி பள்ளிக்கூடத்துக் கதைகளைப் பேச ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கணக்கு நோட்டு முழுக்க ஆட்டின் படம் வரைந்து வைத்திருந்ததைச் சொன்னாள். வெயிலம்மாள் வாயில் சோற்றோடு சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். கணவரைப் பார்த்தாள். அவர் டம்ளரைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் ஒருநாள் சமையலறையில் கடுகு வெடித்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. வெங்காயமும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் வதங்கும் வாசனை ஹால் முழுக்க வந்தது. மூக்கு அவருக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்தது. வெயிலம்மாள் குழம்புச் சட்டியை மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தயங்கி, மூடியைத் திறந்து அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். உப்பு பார்க்கச் சொல்லி அவள் கரண்டியை நீட்டுகிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. இப்போது கரண்டி இல்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் குனிந்து முகர்ந்தார். "புளி தூக்கல்."

அவள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். சட்டியை உள்ளே எடுத்துப்போய்க் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொண்டுவந்தாள்.

அதன்பிறகு அவர் மதியம்வரை பாத்திரக்கடை மாடி அறைக்குப் போகத் தொடங்கினார். இரண்டு வீட்டுக்கு பிளான் வந்தது. வேலை நடந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

கார்த்திகையில் மதுரைக்குப் போனார்கள். ஒரு வெள்ளைக் கரைசலை வாயில் வைக்கச் சொல்லி, அது தொண்டையில் எப்படிப் போகிறது என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். இளம் டாக்டர் அந்தப் படத்தை இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். இனிமேல் விழுங்குவது வராது, டியூப் எப்போதும் இருக்கும், ஆனால் கட்டி திரும்பவில்லை, அதுதான் பெரிய விஷயம் என்றார். வெயிலம்மாள் தலையாட்டினாள். மந்திரமூர்த்தி, டியூப்பை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது சாத்தூர் தாண்டியதும் மழை பிடித்தது. உளுந்தும் மக்காச்சோளமும் நின்ற காடுகள் ஈரத்தில் இன்னும் கறுத்துக் கிடந்தன. வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்று. ஆனந்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் பண்ணினாள். வெயிலம்மாள்தான் சொன்னாள். "இனி டியூப்தானாம். மத்ததெல்லாம் நல்லாருக்காம். நீ பதறாம வா."

ஃபோனை வைத்துவிட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் காலையில் வடித்த சோற்றைச் சூடு பண்ணினாள். கஞ்சியை வடிகட்டினாள். இரண்டையும் மேஜைக்குக் கொண்டுவந்தாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பசிக்கி" என்றாள்.

"சாப்பிடு."

அவள் மோர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். நடுவில் ஒருமுறை, "டாக்டர் சின்னப் பையன்தான், இல்ல?" என்றாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். வெளியே மழை நிற்கவில்லை. கஞ்சி முழுவதும் இறங்கியதும் அவர் தண்ணீர் ஊற்றினார். அவள் தட்டைக் கழுவ எடுத்துப்போனாள். ஊறுகாய் எண்ணெய் மைக்காவில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அவர் அதைத் துணியால் துடைத்தார். மஞ்சளாகக் கறை கொஞ்சம் நின்றது. மறுபடியும் துடைத்துப் பார்த்துவிட்டு, போகாது என்று தெரிந்ததும் துணியை மடித்து வைத்தார்.